லைவில் உடைவது லோக்கலிலேயே உடையட்டும்

லோக்கல்ஹோஸ்ட் என்று அட்ரஸ் பாரில் அடித்து என்டர் தட்டினால், வெள்ளைப் பக்கத்தின் மூலையில் தடித்த எழுத்தில் ‘இட் வொர்க்ஸ்!’ என்று ஒரே ஒரு வரி வரும். அப்பாச்சி வெப் சர்வரை நிறுவியதும் அது காட்டுகிற முதல் பக்கம் அதுதான். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. இன்றைக்கும் அந்த வரி எங்காவது கண்ணில் பட்டால் போதும், 2000-களில் வெப்சைட் கட்டப் பழகிய ஒரு தலைமுறைக்கு அந்தக் காலம் முழுசாகத் திரும்பி வந்துவிடும். கணினி இதழோடு இலவசமாக வந்த சிடி, டயல்-அப் மோடத்தின் கீச்சுச் சத்தம், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த பிரவுசிங் சென்டர் எல்லாம் அதோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். இணையத்தை அளந்து அளந்து செலவழித்த நாட்கள் அவை. இணைப்பே இல்லாமல் வீட்டுக் கணினிக்குள் ஒரு சர்வர் ஓடும், அதில் விடிய விடிய எழுதிப் பார்க்கலாம், ஒரு பைசா ஆகாது என்பது சாதாரண விஷயமாக இருக்கவில்லை. லோக்கல் சர்வர் அன்றைக்கு வசதிக்காக வந்ததில்லை. அது இல்லாவிட்டால் பலருக்கு இந்தத் தொழிலே வாய்த்திருக்காது.

அப்பாச்சியின் முதல் வெளியீடு 1995-இல் வந்தது. இலினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் தங்கள் திருத்தங்களை ஒன்றுசேர்த்ததில் பிறந்தது அது. விண்டோஸில் அப்பாச்சியைத் தனியாக, பிஹெச்பியைத் தனியாக, மைஎஸ்க்யூஎல்லைத் தனியாக நிறுவி, மூன்றையும் பேச வைக்க கான்ஃபிக் ஃபைலில் வரி வரியாகச் சேர்த்தவர்கள் உண்டு. 2002-இல் அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் குழு எக்ஸாம்ப் தொகுப்பை வெளியிட்ட பிறகு அந்தப் பாடு குறைந்தது. ஒரே நிறுவலில் எல்லாம் வந்து இறங்கும். கன்ட்ரோல் பேனலில் ஸ்டார்ட் அமுக்கினால் பச்சை வெளிச்சம். வாம்ப் சர்வரும் மேக்கில் மாம்ப்பும் அதே வேலையைச் செய்தன. ஹெச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் போட்டு ஃபைலை வைத்தால் வெப்சைட் தயார். முடிந்ததும் எஃப்டிபி மென்பொருளைத் திறந்து, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு எல்லாவற்றையும் இழுத்துவிடுவார்கள். லைவ் சைட்டைத் திறந்து பார்ப்பார்கள். பாதிப் படங்கள் வராது. லாகின் வேலை செய்யாது. முகப்பு தவிர மற்றப் பக்கமெல்லாம் 404 என்று நிற்கும். ‘லோக்கல்ல ஓடுச்சே!’ என்ற குரல் கேட்காத வெப் டிசைனிங் அலுவலகம் அன்றைக்கு இருந்திருக்காது.

அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கிற காரணத்தைத்தான் இங்கே பேச வேண்டும். தொகுப்போடு வரும் லோக்கல் சர்வரின் இயல்பான அமைப்புகள் எல்லாமே வேலை சுலபமாக முடிய வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில் வைக்கப்பட்டவை. கேட்டதை எல்லாம் கொடுக்கும், தப்பைப் பொறுத்துக்கொள்ளும், எதையும் மறுக்காது. லைவ் சர்வரோ நேர்மாறு: முன்பின் தெரியாத ஆயிரம் பேர் வந்து போகிற இடம் என்பதால், மறுப்பதே அதன் முதல் குணம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் நம் பிழைகள் எல்லாம் ஒளிந்துகொள்கின்றன. லைவ் சர்வர் எதையெல்லாம் மறுக்குமோ அதையெல்லாம் லோக்கல் சர்வரும் மறுக்கும்படி, அதன் அமைப்புகளை டெவலப்பரே திறந்து மாற்றி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உடைய வேண்டியது உடைகிற இடம் லோக்கல்தான். அங்கே உடைந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

முதலில் முகவரியை எடுத்துக்கொள்வோம். ஹெச்டிடாக்ஸுக்குள் ‘கடை’ என்று ஒரு ஃபோல்டர், ‘பள்ளி’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கின்றன என்று வையுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், சாய்கோடு, கடை என்று திறக்கிறோம். லைவில் அந்தக் கடைக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஃபோல்டர் பெயர் முகவரியில் வராது. சாய்கோட்டில் தொடங்கும் படப் பாதை லைவில் சரியாக வரும். லோக்கலில் ஹெச்டிடாக்ஸின் வாசலில் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். லோக்கலுக்காக அந்தப் பாதையைத் திருத்தினால் லைவில் உடையும். இதையாவது கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். குக்கி விஷயம் இதைவிடப் பொல்லாதது. பிஹெச்பியின் செஷன் குக்கிக்கு இயல்பான பெயர் ஒன்றே, அதன் எல்லை முழு ஹோஸ்ட்டும்தான். ஆகவே கடையில் லாகின் செய்தவர், அதே பிரவுசரில் பள்ளியைத் திறந்தால், அங்கேயும் அதே செஷனோடு நுழைகிறார். இரண்டு புரோகிராமும் யூசர் ஐடியை ஒரே பெயரில் வைத்திருந்தால், கடையின் வாடிக்கையாளர் பள்ளியின் நிர்வாகியாகக் காட்சி தருவார். போர்ட் எண்ணை மாற்றி ஓட்டினாலும் பயன் இல்லை; குக்கிகள் போர்ட்டைப் பார்த்துப் பிரிவதில்லை. லாகின் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டிய இடத்திலேயே சோதனை பொய்த்துப் போகிறது.

இதற்கு மருந்து விர்ச்சுவல் ஹோஸ்ட். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனிப் பெயர், தனி வாசல். ஒரே ஐபி முகவரியில் பல சைட்டுகள் இருக்க முடிவதற்கே காரணம், பிரவுசர் தன் கோரிக்கையோடு எந்த ஹோஸ்ட்டைத் தேடி வந்திருக்கிறது என்று சொல்லியாக வேண்டும் என 1997-இல் ஹெச்டிடிபி 1.1 கட்டாயமாக்கியதுதான். அப்பாச்சி அந்தப் பெயரைப் பார்த்து, எந்த டாகுமெண்ட் ரூட்டைத் திறப்பது என்று முடிவு செய்கிறது. கான்ஃப் ஃபோல்டரின் எக்ஸ்ட்ராவுக்குள் விஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து, சர்வர் நேம் ஒரு வரி, டாகுமெண்ட் ரூட் ஒரு வரி, டைரக்டரிக்கு அனுமதி தரும் தொகுதி ஒன்று என்று எழுதினால் ஆயிற்று. அந்த அனுமதி வரிதான் பலரை அலைக்கழித்தது. அப்பாச்சி 2.2 வரை ‘ஆர்டர் அலவ், டினை’ என்று எழுதிப் பழகிய கைகள், 2012-இல் 2.4 வந்தபின் ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்று மாற வேண்டியிருந்தது. பழைய குறிப்பைப் பார்த்துப் புது சர்வரில் எழுதியவர்களுக்கு 403 பக்கம் தரிசனம் தந்தது. இன்னொன்றும் நடக்கும்: புதுப் பெயரைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்ததும் பழைய லோக்கல்ஹோஸ்ட் காணாமல் போய், அங்கேயும் புது சைட்டே வந்து நிற்கும். எந்தப் பெயரோடும் பொருந்தாத கோரிக்கையை, பட்டியலில் முதலில் இருக்கும் விர்ச்சுவல் ஹோஸ்ட்டிடம் ஒப்படைப்பது அப்பாச்சியின் வழக்கம். இதை வீட்டுக் கணினியில் கண்டு திகைத்தவருக்கு, லைவில் ஒரு கிளையண்ட்டின் டொமைனில் வேறொரு கிளையண்ட்டின் சைட் திறந்தால் எந்த ஃபைலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

பெயர் வைத்தால் போதாது. அந்தப் பெயர் நம் கணினியையே குறிக்கிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஹோஸ்ட்ஸ் ஃபைல். விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிப் போனால் எக்ஸ்டென்ஷனே இல்லாமல் அது உட்கார்ந்திருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேமிக்க விடாது. நோட்பேட் தன் பழக்கத்தில் டாட் டிஎக்ஸ்டியை ஒட்டிச் சேமித்துவிட்டால் ஃபைல் இருந்தும் இல்லாததுதான். அந்தச் சின்ன ஃபைலுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் அந்த வலையமைப்பின் கணினிப் பெயர்கள் முழுவதும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. பெயர்கள் பெருகிப் பட்டியல் தாங்காமல் போனபோது, பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பழைய பட்டியல் மட்டும் ஒவ்வொரு கணினியிலும் தங்கிவிட்டது. வழக்கமாக டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் இன்றும் கணினி அதைத்தான் பார்க்கிறது. 127.0.0.1 என்று எழுதிப் பக்கத்தில் நம் பெயரை எழுதும்போது, இணையத்தின் ஆதிவழக்கம் ஒன்றை நாம் கைக்கொள்கிறோம். பெயரிலும் கவனம் வேண்டும். டாட் தேவ் என்று முடியும் பெயர்களை லோக்கலில் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. லாரவெல் வேலட் கருவி இயல்பாகவே அதைத்தான் வைத்தது. ஆனால் அந்த முடிவுப் பெயர் கூகுளுக்குச் சொந்தமானது. 2017 டிசம்பரில் குரோம் 63 வந்தபோது, டாட் தேவ் என்றாலே ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம் என்றாகி, எத்தனையோ பேரின் லோக்கல் சைட்டுகள் ஒரே நாளில் திறக்க மறுத்தன. சோதனைக்கு என்றே டாட் டெஸ்ட் 1999-இலேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

தமிழில் சைட் கட்டியவர்களுக்கு இந்த அமைப்புகள் இன்னும் நெருக்கமாக உறைத்தன. ‘தமிழ்’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8-இல் 15 பைட். அப்பாச்சி 2.0-இன் ஆரம்பப் பதிப்புகளோடு வந்த கான்ஃபிக் ஃபைலில், எல்லாப் பக்கத்தையும் ஐரோப்பிய எழுத்துக்கான ஐஎஸ்ஓ 8859-1 என்று அறிவிக்கும் வரி ஒன்று இருந்தது. பக்கத்தின் உள்ளே மெட்டா வரியில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும், சர்வர் ஹெடரில் சொன்னதைத்தான் பிரவுசர் நம்பும். தமிழுக்குப் பதில் கொம்பும் கீறலுமாக அந்நியக் குறிகள் வந்து விழும். மைஎஸ்க்யூஎல்லின் கதை வேறு மாதிரி. 2018-இல் 8.0 வரும் வரை அதன் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்-1. வரிசைப்படுத்தும் முறை ஸ்வீடிஷ். வீட்டில் புரோகிராமும் டேட்டாபேஸும் இரண்டுமே லத்தீன் என்று நினைத்துக்கொண்டிருந்ததால், பைட்டுகள் போனபடியே திரும்பி வந்தன. திரையில் தமிழ் அழகாகத் தெரிந்தது. லைவில் இணைப்பு யுடிஎஃப்-8-ஆக இருந்தால், பழைய பதிவுகள் குப்பையாகவும் புதிய பதிவுகள் கேள்விக்குறிகளாகவும் மாறின. 50 எழுத்துக்கு என்று ஒதுக்கிய புலத்தில் 16 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் இடமில்லாமல் ஆட்களின் பெயர்கள் நடுவில் அறுந்தன. லோக்கலில் தமிழ் சரியாகத் தெரிந்ததுதான் இங்கே கெடுதலாக முடிந்தது. அன்றே கான்ஃபிக்கைத் திறந்து யுடிஎஃப்-8 என்று மாற்றி வைத்தவர்கள், டேட்டா சேரும் முன்பே பிரச்சினையைச் சந்தித்துத் தப்பித்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸுக்கு ‘லோகோ’ என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சின்ன எழுத்தில் தொடங்கினாலும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை இரண்டு ஃபைல்கள், டேபிள் பெயருக்கும் அதே கதை. எக்ஸாம்ப்பில் ‘அலவ் ஓவர்ரைட் ஆல்’ என்று திறந்தே இருக்கும், மாட் ரீரைட்டும் ஓடும்; உபுண்டுவின் அப்பாச்சியில் ஒன்று ‘நன்’, மற்றது நாமே இயக்க வேண்டியது. வேர்ட்பிரஸ் சைட்டின் முகப்பு மட்டும் திறந்து மற்றப் பக்கங்கள் 404 ஆவதற்கு அதுவே காரணம். என்ஜின்எக்ஸ் சர்வர் டாட் ஹெச்டிஆக்சஸ் ஃபைலைத் திரும்பியே பார்க்காது. அந்த ஃபைலை நம்பிப் பூட்டிய ஃபோல்டர் அங்கே பூட்டே இல்லாமல் கிடக்கும். இதை நான் மிக ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் எதுவும் உடைந்ததாகவே தெரியாது. அதே என்ஜின்எக்ஸ், கோரிக்கையின் அளவு 1 எம்பியைத் தாண்டினால் 413 என்று திருப்பி அனுப்பும். பிஹெச்பியின் இயல்பான அப்லோட் எல்லை 2 எம்பி. இன்றைய செல்போன் கேமராவின் ஒரு படமே இதற்கு மேல் இருக்கும். லோக்கலில் இந்த எல்லைகளை வைக்காதவர், பயனரின் முதல் படம் வரும்போதுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்.

இதற்கு வருகிற முதல் ஆட்சேபம் நியாயமானது. புதிதாகப் பழகுகிறவருக்கு எதற்கு இந்தச் சுமை, புரோகிராம் எழுத வந்தவரை போர்ட் 80-ஐ யார் பிடித்திருக்கிறார்கள் என்று தேட விடுவது அநியாயம் இல்லையா என்பார்கள். பழைய ஸ்கைப் 80-ஐயும் 443-ஐயும் பிடித்துக்கொண்டு அப்பாச்சியை எழவிடாமல் செய்தது. நெட்ஸ்டாட் கட்டளை பிராசஸ் எண் 4 என்று காட்டினால் விண்டோஸே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. முதல் நாளிலேயே இப்படி ஒரு தடை வந்து, சோர்ந்து விலகிப் போனவர்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆகவே முதல் வாரத்தில் தொகுப்பை அப்படியே ஓட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை. 2012-இல் பிஹெச்பி 5.4-ஓடு வந்த உள்ளமைந்த சர்வரும், பைத்தானின் ஒரு வரிச் சர்வரும் அந்தக் கட்டத்துக்கு நல்லவை. ஆனால் அவற்றை உருவாக்கியவர்களே இது லைவுக்கு ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜாங்கோவின் ரன்சர்வரில் டிபக் அமைப்பை அணைத்த நொடியில் சிஎஸ்எஸ் ஃபைல்கள் வராமல் பக்கம் அலங்கோலமாக நிற்கும். அதுவரை அவற்றை யார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்வியே அப்போதுதான் எழும். இன்னொருவருக்குக் கொடுக்கப்போகிற முதல் சைட்டைத் தொடங்கும்போதே அமைப்புகளையும் பழக ஆரம்பிப்பது சரி. டெலிவரி நாளின் பதற்றத்தில் இதைக் கற்பது யாருக்கும் ஆகாது.

இரண்டாவது ஆட்சேபம் டாக்கரைக் காட்டும். 2013-இல் அது வந்தபின், லைவில் ஓடும் அதே இமேஜ் நம் கணினியிலும் ஓடுகிறது, இனி எதற்குக் கையால் திருத்த வேண்டும் என்பது வாதம். பெரிய அளவுக்கு இது உண்மை. அந்தக் கருவி எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனாலும் அமைப்பு என்ற ஒன்று அதனால் மறைந்துவிடவில்லை. அதிகாரப்பூர்வ பிஹெச்பி இமேஜில் பிஹெச்பி.ஐஎன்ஐ ஃபைலே கிடையாது. டெவலப்மெண்ட்டுக்கு ஒன்று, ப்ரொடக்‌ஷனுக்கு ஒன்று என்று இரண்டு மாதிரிகள் மட்டும் உள்ளே இருக்கும். வேண்டியதை நாமேதான் நகலெடுக்க வேண்டும். நகலெடுக்காவிட்டால், பிழைச் செய்தியைத் திரையில் கொட்டும் இயல்பான நடத்தையே லைவுக்கும் போகும். ஃபைல் பாதையும் சில நேரம் டேபிள் பெயரும் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும். மேக்கில் ஓடும் டாக்கரோடு நம் ஃபோல்டரை இணைத்தால், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாராத மேக்கின் குணம் லினக்ஸ் கன்டெய்னருக்குள்ளும் வந்துவிடும். முன்பு கான்ஃபிக் ஃபைலில் இருந்த கேள்வி இப்போது டாக்கர்ஃபைலுக்கு இடம் மாறியிருக்கிறது. விர்ச்சுவல் ஹோஸ்ட்டைக் கையால் எழுதிப் பழகியவர் அந்த டாக்கர்ஃபைலைப் படித்ததும் எங்கே என்ன விடுபட்டிருக்கிறது என்று கண்டுகொள்கிறார். பழகாதவர் யாரோ எழுதியதை நகலெடுத்து, ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறார்.

கடைசி ஆட்சேபம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. லோக்கலும் லைவும் முழுக்க ஒன்றாக இருக்கவே முடியாது; லோடு பேலன்சரும் சிடிஎன்னும் ஆயிரம் பேர் கூட்டமும் வீட்டு லேப்டாப்பில் எப்படி வரும் என்ற கேள்வி அது. வராது. 2011-இல் ஹெரோகு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எழுதிய ட்வெல்வ் ஃபேக்டர் கோட்பாடுகளின் பத்தாவது விதிகூட, டெவலப்மெண்ட்டும் ப்ரொடக்‌ஷனும் இயன்றவரை ஒத்திருக்கட்டும் என்றுதான் கேட்கிறது. சில இடங்களில் வேறுபாடு வேண்டியதும்கூட. பிழைச் செய்தி லோக்கலில் திரையில் தெரியலாம். லைவில் லாக் ஃபைலுக்கு மட்டும் போக வேண்டும். லோக்கலிலிருந்து கிளம்பும் மெயில் ஒரு நாளும் உண்மையான வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரக் கூடாது. எக்ஸாம்ப்பிலேயே மெயிலை அனுப்பாமல் ஃபைலாகச் சேமித்து வைக்கும் வசதி இருந்தது, இன்றைக்கு மெயில்பிட் போன்ற கருவிகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஹெச்டிடிபிஎஸ் விஷயத்தில் பிரவுசரே லோக்கல்ஹோஸ்ட்டுக்குச் சலுகை தருகிறது: கேமராவும் இருப்பிடமும் சர்வீஸ் வொர்க்கரும் அங்கே சான்றிதழ் இல்லாமலே இயங்கும், டாட் டெஸ்ட் போன்ற வேறு பெயர்களில் இயங்காது. அந்தச் சலுகையை ஏற்றுக்கொள்வதா, எம்கே-சர்ட் கொண்டு லோக்கலுக்கும் சான்றிதழ் போடுவதா என்பது அந்த சைட்டைப் பொறுத்தது. எது வேறுபடுகிறது என்று டெவலப்பருக்குத் தெரிந்திருந்தால் போதும். அதற்கு, சர்வரின் கான்ஃபிக்கையும் புரோகிராமோடு சேர்த்து கிட்டில் வைத்து, லைவிலிருந்து விலகும் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹேஷ் குறி போட்டு ஏன் விலகுகிறது என்று ஒரு குறிப்பு எழுதலாம். அடுத்து அந்தப் புராஜெக்ட்டுக்கு வருகிறவர், லோக்கலில் மெயில் ஏன் வெளியே போவதில்லை என்று யாரையும் கேட்காமல் படித்துக்கொள்வார்.